கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

வில்லியனூருக்குக் கப்பலில் வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர் லூர்து மாதா. 1877இல் பிரான்சிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய சிலை இன்றும் குளக்கரைக் கோயிலில் நின்றுகொண்டிருக்கிறது. இப்போது சொகுசுக் கப்பலில் வருகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நாலு மணி நேரம், மிஞ்சினால் ஐந்து. அதற்குள் பார்த்து முடித்துப் படகேற வேண்டும்.

2025 ஜூலை 4ஆம் தேதி கார்டீலியா நிறுவனத்தின் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்தது. அவ்வளவு பெரிய கப்பல் உள்ளே நுழைய நம் துறைமுகத்தில் ஆழம் இல்லை. அதனால் வெளித்துறையிலேயே நங்கூரம் போட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவந்து, பேருந்துகளில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். இதே நிறுவனத்தின் கப்பல் 2022 ஜூனிலும் வந்தது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்ற எதிர்ப்பு கிளம்பி, பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் கடலிலிருந்தே திரும்பிப் போனது. பயணத் திட்டத்தில் புதுச்சேரி இருந்தது. காலை வைக்கத்தான் முடியவில்லை.

கப்பல்காரர்கள் இந்தச் சிறு உலாவைக் கரைச் சுற்றுலா என்கிறார்கள். இதில் ஏமாறுவது எளிது. ஏமாற்றியது யார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். என் மைத்துனர் குடும்பத்தோடு ஒரு கப்பலில் போய்விட்டு வந்தார். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்பது இங்கே வேண்டாம். தலைக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய், நாலு பேர். அச்சடித்துக் கொடுத்த திட்டத்தில் கோயில் தரிசனம், கடற்கரை, உள்ளூர்ச் சாப்பாடு. பேருந்து முதலில் ஒரு கைவினைப் பொருள் கடையில் போய் நின்றது. ஐம்பது நிமிடம். அங்கிருந்து கோயிலுக்குப் போனபோது மணி ஒன்று. நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

"ரசீது யார் பேர்ல இருக்கு மாப்ள?" என்று கேட்டேன்.

"வாட்ஸாப்ல ஒண்ணு வந்துச்சு மாமா. கப்பல் கம்பெனியா ஏஜென்ட்டான்னு பாக்கல."

வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கப்பல் நிறுவனம் சுற்றுலாவை விற்கும், ஆனால் நடத்தாது. கரையில் உள்ள ஒரு ஏஜென்டிடம் கொடுக்கும். அவர் பேருந்தை இன்னொருவரிடம் பிடிப்பார். வழிகாட்டி அன்றைய கூலிக்கு வந்தவர். ஏதாவது தப்பு நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். பயணச்சீட்டின் பின்னால் பொடி எழுத்தில், கரைச் சுற்றுலாவை நடத்துவது தனி ஒப்பந்ததாரர், அவருடைய குறைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூட வேண்டியதில்லை. காசை வாங்கியது யார், விளம்பரம் செய்தது யார் என்பதைத்தான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பார்க்கும். கப்பல் நிறுவனம், ஏஜென்ட் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தே புகார் கொடுக்கலாம். நிபந்தனையே ஒருதலைப்பட்சமானது என்று வாதிட விரும்பினால், நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தலைப்பில் அதே சட்டம் மாநில ஆணையத்தில் வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

சட்டம் இருக்கட்டும், முதலில் உயிர். கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறும் இடத்தைக் கவனியுங்கள். கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு அருகே ஒரு கதவு திறக்கும், அதில் ஒரு சின்ன மேடை. அலை ஏறும்போது படகும் மேடையும் ஒரே மட்டத்துக்கு வரும். இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் பள்ளம் விழும். ஊழியர் இரண்டு பேர் உங்கள் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அலை ஏறும்வரை நிறுத்தி, "இப்போ" என்பார்கள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் குழந்தை என்று போகிறவர்களைத்தான் பார்க்கப் பயமாக இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் படகில் இறங்க வசதி உண்டா என்பதைச் சீட்டு வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். துறைமுகத்துக்கு வந்த பிறகு "உங்களை இறக்க முடியாது" என்றால் காசும் போச்சு, மானமும் போச்சு.

உயிர்காப்பு அங்கியைப் படகில் மூலையில் குவித்து வைத்திருந்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பை கேட்வேயிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போன நீல்கமல் படகில் கடற்படையின் வேகப் படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அங்கி போடாமல் உட்கார்ந்திருந்ததாகத் தப்பியவர்களே சொன்னார்கள். புயல் இல்லை, இரவு இல்லை, பட்டப்பகல்.

அடுத்தது நேரம். கப்பல் கிளம்பும் நேரத்தையே எல்லோரும் மனதில் வைத்திருப்பார்கள். கப்பல் வெளித்துறையில் நின்றால் அந்த நேரம் உங்களுக்கு உதவாது. கடைசிப் படகு கிளம்பும் நேரம்தான் உங்கள் நேரம். அது கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் அதிகமாகவோ முன்னால் இருக்கும். உப்பளம் துறைமுகத்திலிருந்து வில்லியனூர் சுமார் பத்து கிலோமீட்டர். வரைபடத்தில் அரை மணி நேரம் காட்டும். நெல்லித்தோப்பு சிக்னலையும் இந்திரா காந்தி சிலை சந்திப்பையும் மாலையில் தாண்டிய உள்ளூர்க்காரர் யாரும் அதை நம்ப மாட்டார்.

தாமதமானால் என்ன ஆகும்? கப்பலே விற்ற சுற்றுலாவில் போனால் வழக்கமாக உங்கள் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும் செலவை ஏற்பதாகப் பல நிறுவனங்கள் உறுதி தருகின்றன. நீங்களாக ஆட்டோ பிடித்துப் போனால் அந்த உறுதி கிடையாது. 2024 மார்ச் மாதம் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் நார்வீஜியன் டான் என்ற கப்பல் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்பியது. அவர்கள் தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமாகத் திரும்பியிருந்தார்கள். கப்பல் இன்னும் கண்ணுக்கு எதிரே நங்கூரத்தில்தான் நின்றது, ஆனால் ஏற்றிக்கொள்ளவில்லை. கர்ப்பிணி ஒருவரும் வயதானவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நாடு நாடாக அலைந்து கடைசியில் செனகலில்தான் கப்பலைப் பிடித்தார்கள். நேரத்துக்குத் திரும்புவது பயணியின் பொறுப்பு என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போனாலும் தலை எண்ணுவதில் தவறு நடக்கும். 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கோரல் அட்வென்ச்சரர் கப்பலின் பயணிகளோடு மலையேறப் போன எண்பது வயது மூதாட்டி கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டார். அவர் இல்லாமலேயே கப்பல் கிளம்பியது. மறுநாள் உடல்தான் கிடைத்தது. வழிகாட்டியின் செல்போன் எண்ணை வாங்கி, அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். ஒரு நாளுக்கான மாத்திரை, அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், கொஞ்சம் ரொக்கம் உடம்போடு இருக்கட்டும். இலங்கை, மலேசியா போகும் கப்பல்களில் அசல் பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. சிங்கப்பூரிலிருந்து புக்கெட் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புக்கெட் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். கப்பல் எந்த நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். செல்போன் தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம்.

இனி நடை சாத்திய கோயில். நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் உச்சிகாலப் பூஜை முடிந்து நடை சாத்தினால் மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த தேர் கொண்ட நம் திருக்காமீசுவரர் கோயிலும் பகல் முழுக்கத் திறந்திருப்பதில்லை. இது தெருவில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கப்பல் பதினொரு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கடைசிப் படகு என்றால், "தரிசனம்" என்று அச்சடித்தவருக்கு அது நடக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே விற்றால் அது தவறான விளம்பரம், தெரியாமல் விற்றால் சேவைக் குறைபாடு. இரண்டுக்கும் இழப்பீடு கேட்கலாம்.

கடையில் நிறுத்துவது தனி வியாபாரம். அந்த நிறுத்தம் திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் நிறுத்தினால் பேருந்து நின்ற நேரத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், செல்போனே நேரத்தைப் பதிந்துவிடும். இதில் இரட்டைக் கொள்ளை உண்டு. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார். கமிஷன் கடையில் "வில்லியனூர் பொம்மை" என்று விற்பதில் எது நம் குயவர் கையால் ஆனது, எது எங்கிருந்தோ லாரியில் வந்த அச்சு வார்ப்பு என்று சுற்றுலாப் பயணிக்குத் தெரியாது. கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சக்கரத்தில் ஏற்றியதென்றால் சுழன்ற கோடுகளும் அறுத்தெடுத்த தடமும் பெரும்பாலும் இருக்கும். கையால் ஒட்டிச் செய்த சிலைக்கு இந்தச் சோதனை பலிக்காது, அதற்குச் செய்தவரின் பெயரையே கேட்டுவிடலாம்.

ஆன்லைனில் பதிவு செய்யும்போது இன்னொரு வலை. முதல் பக்கத்தில் ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் வேறு விலை. நீங்கள் தொடாமலே டிக் ஆகியிருக்கும் காப்பீடு. "இன்னும் இரண்டு இடம்தான்" என்று மிரட்டும் சிவப்பு எழுத்து. இவற்றை 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் திரையைப் படம் பிடித்து வைத்தால் போதும். கப்பல் துறைமுகத்துக்கே வராமல் போனால் சுற்றுலாக் காசு முழுதும் திரும்புமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வானிலைக்காகத் துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமையைக் கப்பல்காரர்கள் நிபந்தனையில் வைத்திருப்பார்கள். நடக்காத சுற்றுலாவின் காசை வைத்துக்கொள்ள அது உரிமை தராது.

நம் பக்கத்து ஆட்டோ, கார் ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கப்பல் பயணிகளை நீங்களே கூட்டிக்கொண்டு சுற்றினால் நீங்களும் சேவை தருபவர்தான். வெள்ளை போர்டு காரில் வாடகை ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கும், இழப்பீடு உங்கள் தலையில் விழும். மஞ்சள் போர்டு, நடப்பில் உள்ள காப்பீடு, பர்மிட் மூன்றும் இல்லாமல் அந்தக் காசுக்கு ஆசைப்பட வேண்டாம். பயணிகளும் ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைப் படம் எடுங்கள். விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இங்கே எல்லைச் சிக்கலும் உண்டு. வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு கிராமம் புதுச்சேரி, அடுத்தது தமிழ்நாடு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். பேருந்தில் பையைத் திருடக் கொடுத்தவர் "எங்க லிமிட் இல்ல" என்ற பதிலோடு இரண்டு காவல் நிலையத்துக்கும் அலைந்தால் படகு போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்று கேளுங்கள். அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1363. அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசும், தமிழில் பேசாது.

திரும்பி வந்த பிறகு முதலில் கப்பல் நிறுவனத்துக்கும் ஏஜென்டுக்கும் ஒரே மின்னஞ்சல் போடுங்கள். என்ன சொன்னார்கள், என்ன கிடைத்தது, எவ்வளவு வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று நாலு வரி போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய காசு 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். சீட்டில் "மும்பை நீதிமன்றம் மட்டும்" என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. வில்லியனூர்க்காரர் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் போதும். காலக்கெடு இரண்டு ஆண்டு.

என் மைத்துனர் பழைய வாட்ஸாப்பைத் தோண்டி ரசீதை எடுத்துவிட்டார். கப்பல் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. கடை வாசலில் பிள்ளைகள் எடுத்த செல்ஃபியில் நேரமும் பதிந்திருக்கிறது. அவருக்கு இன்னும் பதினோரு மாதம் மிச்சம்.