கோஸ்லர் கட்சி மாறினாரா?

ஆர்தர் கோஸ்லரைப் படித்தவர்கள் நாலு பேர் டீக்கடைப் பெஞ்சில் சேர்ந்தால் அந்தக் கேள்வி வந்தே தீரும். "அவ்வளவு பெரிய மூளைக்காரர், கடைசியில் டெலிபதி அது இதென்று எழுதப் போய்விட்டாரே, என்னதான் ஆச்சு அவருக்கு?" வயதாகிவிட்டது என்று பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. டீ வரட்டும், சொல்கிறேன்.

1905இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். பெர்லின் பத்திரிகையில் அறிவியல் எழுதியவர். 1931இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஸ்டாலினின் மாஸ்கோ விசாரணைகளைப் பார்த்துவிட்டு 1938இல் வெளியேறினார். செய்யாத குற்றத்தை ஒரு பழைய புரட்சிக்காரர் ஏன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார் என்று சொன்ன 'டார்க்னஸ் அட் நூன்' நாவல் 1940இல் வந்து அவரை உலகப் பெயராக்கியது. அதே கைதான் 1972இல் டெலிபதிக்காக வாதாடும் 'தி ரூட்ஸ் ஆஃப் கோயின்சிடென்ஸ்' எழுதியது.

இடையில் புத்தி தடம் புரண்டதென்றால் எங்கே புரண்டது? அவரே இடத்தைக் காட்டுகிறார். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் ஆட்கள் அவரைப் பிடித்து செவில் சிறையில் போட்டார்கள். பக்கத்து அறைக்காரர்களை இரவில் சுடக் கொண்டுபோவது காதில் விழும். தன் முறை எப்போது என்று தெரியாது. பொழுது போக, ஒரு கம்பித் துண்டால் சுவரில் கணக்குக் கீறினார். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற யூக்ளிடின் நிரூபணம் அது. எல்லையில்லாத ஒன்றை நாலே வரியில் பிடித்துவிட முடிகிறதே என்ற மயக்கத்தில் 'நான்' என்பதே கரைந்துபோனதாக 1954இல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். சிறையில் இருந்தபோது அவருக்கு வயது 31, கட்சியிலும் இருந்தார். முதுமைக் கோளாறு என்ற வாதம் இங்கேயே படுத்துவிடுகிறது.

அதற்காக எதைக் காட்டினாலும் நம்புகிற ஆளும் இல்லை. 1950களின் கடைசியில் இந்தியா வந்து வினோபா பாவேயோடு நடந்தார், காஞ்சி சங்கராச்சாரியாரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டார். 1960இல் வந்த 'தி லோட்டஸ் அண்ட் தி ரோபோ'வில் யோகிகளின் அற்புதங்களைப் பற்றி ஐயத்தோடுதான் எழுதினார். காந்தியை விமர்சித்ததற்காக அந்தப் புத்தகத்துக்கு இங்கே தடையும் வந்தது.

பிறகு எப்படி டெலிபதிப் பக்கம் போனார்? தற்செயல் என்ற வாசல் வழியாக. ஆஸ்திரிய உயிரியலாளர் பால் கம்மரர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, குடையோடு போகிறவர்கள் எத்தனை, பொட்டலத்தோடு போகிறவர்கள் எத்தனை என்று குறித்துக்கொண்டே இருந்தவர். ஒரே மாதிரி நிகழ்வுகள் கொத்துக் கொத்தாக வருவதற்கு ஏதோ விதி இருக்கிறது என்று 1919இல் புத்தகமே போட்டார். கோஸ்லருக்கு இவர்மேல் தனிப் பிரியம்; இவருக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வாசகர்களிடமிருந்தும் தற்செயல் கதைகளைச் சேகரித்தார். அதில் எழுத்தாளர் ரெபேக்கா வெஸ்ட் சொன்னது பிரபலம். நூரம்பர்க் விசாரணை ஆவணங்களில் ஒரு தகவலைத் தேடிச் சலித்து, அலமாரிகளுக்கு நடுவே நூலகரிடம் குறைபட்டுக்கொண்டே ஒரு தொகுதியை உருவினாராம். தேடியது அதிலேயே இருந்ததாம். இப்படி உதவ நூலகத்தில் ஒரு தேவதை இருப்பதாகக் கோஸ்லர் பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகச் சொன்னார்.

கதை அழகுதான். ஆனால் உருவிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் திரும்ப வைத்த தொகுதிகளைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. 23 பேர் கூடிய அறையில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். கேட்டால் நம்பக் கஷ்டம். ஏனென்றால் நாம் நம் பிறந்தநாளோடு மட்டும் ஒப்பிடுகிறோம், அறையிலோ 253 ஜோடிகள் இருக்கின்றன. தற்செயல்களை எடைபோட நம் மனசுக்குத் தெரியாது. கோஸ்லருக்கு இந்தக் கணக்குப் புரியாமல் இருந்திருக்காது. புரிந்தும், அது தன் கதைகளைக் கரைத்துவிட அவர் விடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அவருடைய பெரிய துருப்புச் சீட்டு இயற்பியல். அலையும் துகளுமாக இருக்கிற எலக்ட்ரானை, பூமியையே ஊடுருவிப் போகிற நியூட்ரினோவை ஏற்கிறீர்கள், டெலிபதி என்றால் மட்டும் சிரிப்பா என்று கேட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இயற்பியலாளர் பாவ்லி நியூட்ரினோவை ஊகித்தது 1930இல். 1956இல் அமெரிக்காவில் அணு உலைக்குப் பக்கத்தில் வைத்து அதைப் பிடித்தார்கள். விசித்திரம் என்பதற்காக யாரும் அதை ஏற்கவில்லை. விசித்திரமாக இருந்தும், கருவியில் சிக்கியதால் ஏற்றார்கள். டெலிபதிக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை. அந்தத் துறையின் பெருமையாகக் காட்டப்பட்டவை லண்டன் கணித ஆசிரியர் எஸ். ஜி. சோல் நடத்திய, மறைத்துவைத்த சீட்டை ஊகிக்கும் சோதனைகள். அவற்றின் பதிவுகளில் கைவைக்கப்பட்டிருந்தது 1978இல் அம்பலமானது.

அப்படியானால் இவ்வளவு கூர்மையானவர் ஏன் விடாப்பிடியாக நின்றார்? எனக்குத் தோன்றுவது இது. எதைக் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருந்த ஒரு கட்சிக்குள் ஏழு வருஷம் இருந்து சூடுபட்டவர் அவர். பிறகு மனிதனை எலியைப்போலப் படித்த நடத்தையியல் உளவியலைப் பார்த்தபோது, இன்னொரு மத்தியக் குழு உட்கார்ந்திருப்பதாகவே அவருக்குத் தெரிந்தது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டவர்கள் பக்கமே மனசு போனது. நாவலாசிரியருக்கு அந்த இரக்கம் பெரிய பலம். ஒரு சோதனை முடிவை நம்பலாமா என்று தீர்மானிக்க அது உதவாது. கோஸ்லர் கட்சி மாறவில்லை. எங்கே போனாலும் எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்தார்.

1983 மார்ச்சில், பார்கின்சன் நோயும் ரத்தப் புற்றுநோயும் முற்றிய நிலையில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி சிந்தியாவும் கூடவே இறந்தார். நல்ல உடல்நிலையில் இருந்த, அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான அந்தப் பெண்ணின் சாவு இன்றும் உறுத்துகிறது. ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் அமானுஷ்ய ஆய்வுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும் என்று சொத்தை எழுதிவைத்திருந்தார். எடின்பரோ பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டு, 1985இல் ராபர்ட் மாரிஸை நியமித்தது. அவர் ஏமாற்று வித்தைகளையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். மேஜிக் கலைஞராக இருந்து அமானுஷ்யத்தை ஐயத்தோடு ஆராய்பவராகப் பேர் வாங்கிய ரிச்சர்ட் வைஸ்மன் அங்கே முனைவர் பட்டம் பெற்றவர். 2012இல் அந்த ஆய்வுப் பிரிவு ஒரு பதிவேடு தொடங்கியது. சோதனைக்கு முன்பே, எதைத் தேடுகிறோம், எத்தனை முறை செய்வோம் என்று அதில் எழுதிவைக்கலாம். அப்படி எழுதிவிட்டால், கிடைத்த தொகுதியை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைக்க வழியில்லை.