நோட்டில் ஒரு கணக்கு

மயூர் விஹாரில் எங்கள் வீட்டு ஃபிரிஜ் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது. வருகிறவர்கள் பால் கணக்கு என்று நினைப்பார்கள். 'காலை 6 மணி - 220. 10 மணி - 190. நடுவில் ஈரம் இல்லை.' இது எங்கள் ஆறு வயது மகளின் சிறுநீர்க் கணக்கு.

அவளுக்குப் பிறவியிலேயே ஸ்பைனா பைஃபிடா. கரு உண்டான முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய முதுகுத்தண்டு மூடாமல் போய்விடும் குறை. பிறந்ததும் முதுகில் ஆபரேஷன் நடந்தது. பார்க்க வந்த உறவினர்கள் அத்தனை பேரும் "நடப்பாளா?" என்றே கேட்டார்கள். சிறுநீர்ப்பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டயபர்தான் நனைகிறதே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அங்கேதான் தவறு. நிரம்பிய குடம் வழிவதுபோல, காலியாகாத பையும் வழியும். நரம்பு சரியாக வேலை செய்யாததால் குழந்தைக்கு முட்டுகிற உணர்வும் தெரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேலே திரும்பி, சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும். எங்களுக்கு அது ஸ்கேனில்தான் தெரிந்தது.

மெல்லிய குழாயை விட்டு மூன்று நான்கு மணிக்கொரு தரம் பையைக் காலி செய்யச் சொன்னார்கள். "பச்சைக் குழந்தைக்குக் குழாயா!" என்று என் மாமியார் அழுதுவிட்டார். 1972-ல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் இந்த முறையை வெளியிட்டபோது மருத்துவர்களே தயங்கினார்களாம். குழாயும் கையும் சுத்தமாக இருந்தால் போதும், பை நிரம்பி விம்முவதுதான் பெரிய ஆபத்து என்றார் அவர். குழாய் விடுவதை நர்ஸிடம் நேரில்தான் கற்க வேண்டும். படித்துக் கற்க முடியாது.

வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் பை சுமாராக எத்தனை மில்லி கொள்ளும் என்று தெரியும். ஆறு வயதுக்கு 240. ஒவ்வொரு தடவையும் அளவுக் குவளையில் பிடித்து எழுதுகிறோம். போன ஆடியில் 200 வந்துகொண்டிருந்தது 120 ஆயிற்று. நடுவில் ஈரம் வேறு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நோட்டையும் எடுத்துக்கொண்டு பிங்க் லைனில் ஏறி, ஐ.என்.ஏ.வில் மாறி எய்ம்ஸ் போனோம். டாக்டர் முதலில் நோட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். பையின் அழுத்தத்தைச் சோதித்து மருந்தின் அளவைக் கூட்டினார். உயரம் வளரும்போது தண்டுவடம் இழுபட்டாலும் இப்படி ஆகலாமாம். அதனால் காலையும் முதுகையும் பரிசோதித்தார்.

காய்ச்சல், வாந்தி, சிறுநீரில் ரத்தம் என்றால் அன்றே ஓட வேண்டும். குழாய் விடும் குழந்தைகளுக்குச் சோதனையில் கிருமி தெரிவது சகஜம். வேறு தொந்தரவு இல்லாதபோது நாமாக ஆன்டிபயாடிக் வாங்கித் தரக்கூடாது. மலச்சிக்கலும் பையை நெருக்கும், அதையும் எழுதுங்கள். இன்னொன்று, இக்குழந்தைகளுக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்கள் ஒவ்வாமல் போவது அதிகம். கையுறை மட்டுமில்லை, பிறந்தநாள் பலூனும் அதில் சேர்த்தி. பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது பகல் கணக்கை எழுதுவது மாமியார்தான். நான் ஒரு வரி விட்டால் கேள்வி வரும். இப்படிக் குழந்தை உள்ள வீடு நம் சங்கத்தில் இருந்தால் அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். நோட்டோடு நாங்கள் இருவரும் வருகிறோம்.