வீடு கட்டப் போகிறீர்களா? காண்டிராக்டர் கட்டிய பழைய வீட்டைப் பாருங்கள்!

ஆவடியைத் தாண்டிப் போனால் திருநின்றவூர் வரும். அந்த ஊரில் முன்பு பூசலார் என்று ஒருவர் இருந்தார். சிவனுக்குக் கோவில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? மனத்துக்குள்ளேயே கோவில் கட்டினார்! கல் கொண்டு வந்தார். சுவர் எழுப்பினார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் தன் கோவிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான் பல்லவ மன்னன். சிவன் அவன் கனவில் வந்து, பூசலார் கோவிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார் என்பது கதை. இன்றும் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோவில் இருக்கிறது.

மனத்தில் கட்டியவருக்கு மேஸ்திரி தேவைப்படவில்லை. மண்ணில் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அரை கிரவுண்டு 1,200. பி.எப். பணம், மனைவியின் நகை, பாங்கிக் கடன், எல்லாம் சேர்த்துத்தான் வீடு எழும்ப வேண்டும். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒருவர் கையில் கொடுக்கிறோம். அவர் யார்? எப்படிப்பட்டவர்? கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள் மூன்று தலைமுறையை விசாரிக்கிறார்கள். காண்டிராக்டரை மட்டும் "நம்ம தெருவில் ஒரு வீடு கட்டினாராம்" என்ற ஒரே வார்த்தையில் பிடித்து விடுகிறார்கள்.

பார்க்க யாரும் வரமாட்டார்கள்

அரசாங்கத்தார் வந்து பார்ப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் மிச்சம். நல்லதுதான். ஆனால் கம்பி சரியாகக் கட்டினார்களா, சிமெண்டு போதுமான அளவு போட்டார்களா என்று பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் போட்டு விற்பவர்களுக்கு. சொந்த மனையில் ஒருவர் தனக்காகக் கட்டும் ஒற்றை வீட்டை அங்கே பதிவு செய்வதில்லை.

அப்படியானால் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அவரைப் பார்க்க விடுகிற காண்டிராக்டர்தான் வேண்டும்.

61 உயிர்கள்!

பூந்தமல்லிக்குக் கிழக்கே, போரூரை அடுத்து மவுலிவாக்கம். 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி மாலை, மழை பெய்துகொண்டிருந்தது. கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே கூலி வேலை செய்தவர்கள்.

இடி விழுந்ததால் கட்டடம் சரிந்தது என்று முதலில் பேச்சு கிளம்பியது. விசாரணையில் தெரிந்தது வேறு. கட்டடத்தின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறைகள் இருந்தன. பக்கத்தில் நின்ற மற்றொரு 11 மாடிக் கட்டடத்தை 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் அது தூள் தூளானது.

11 மாடி எங்கே, நம் சின்ன வீடு எங்கே என்று தோன்றும். வீடு சின்னது. மண் அதே மண்தான்! சென்னைக்கு மேற்கே பல இடங்களில் களிமண் இருக்கிறது. மழையில் ஊதும். கோடையில் சுருங்கும். மேலே நிற்கும் வீடு சும்மா இருக்குமா? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

ஆகவே காண்டிராக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "மண் பரிசோதனை செய்வீர்களா?" என்பதுதான். "இந்த ஏரியாவில் 20 வருஷமாகக் கட்டுகிறேன் சார், மண்ணைப் பார்த்தாலே தெரியும்" என்று சிரித்தால், அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பி விடலாம். மண்ணைத் துளை போட்டு எடுத்துச் சோதித்து, என்ஜினீயர் சொல்லும் அஸ்திவாரம் போட வேண்டும். களிமண்ணுக்கென்றே அடியில் மணி போல அகன்ற பைல் உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை அது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத ஆழத்து மண்ணில் அது வீட்டை நிறுத்துகிறது.

புது வீடு வேண்டாம், பழைய வீடு!

காண்டிராக்டர் காட்டுவது போன மாதம் கிரகப்பிரவேசம் ஆன வீடாக இருக்கும். பெயிண்டு பளபளக்கும். எந்த வீடும் முதல் வருஷம் அழகுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டைக் கேட்க வேண்டும். மழைக்கு மறுநாள் போவது மேல். காண்டிராக்டரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது! கணவனும் மனைவியும் தனியாகப் போய், அந்த வீட்டு அம்மாளிடம் பேச வேண்டும். வீட்டின் குறை அவருக்குத்தான் தெரியும்.

"அக்கா, மாடியில் ஒழுகுதா?"

"மாடி பரவாயில்லை. பாத்ரூம் சுவர்தான் இந்தப் பக்கம் ஊறுது. போன் பண்ணினால் எடுக்க மாட்டேங்கறார்."

இந்த ஒரு பதில் போதும். சுவர் ஊறுவதுகூடப் பெரிதல்ல. எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு குறை வரும். கூப்பிட்டால் வருகிறாரா என்பதுதான் விஷயம்.

தெருவையும் பார்த்துவிட்டு வர வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மழையிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்கிறது, வீடு உயர்வதில்லை. பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை அந்தத் தெருவில் ஏறிய தண்ணீரை வைத்து முடிவு செய்பவர் கெட்டிக்காரர்.

சதுர அடிக் கணக்கு

1,000 சதுர அடி வீடு. ஒருவர் சதுர அடிக்கு 2,200 ரூபாய் கேட்கிறார். 22 லட்சம். மற்றொருவர் 1,950 போதும் என்கிறார். இரண்டரை லட்சம் மிச்சம் என்று வீட்டுக்காரர் துள்ளிக் குதிக்கிறார். கடைசியில்தான் தெரிகிறது. தண்ணீர்த் தொட்டி தனி, செப்டிக் டாங்க் தனி, காம்பவுண்டு சுவர் தனி, மாடிப்படி அறை தனி!

எது சேர்ந்தது, எது தனி, எந்தச் சிமெண்டு, எந்தக் கம்பி, எத்தனை ஸ்விட்ச், டைல்ஸ் என்ன விலை என்று எழுதி வாங்க வேண்டும். எழுத மறுப்பவர் சொல்லும் விலை விலையே அல்ல.

பணம் எப்போதும் வேலைக்கு ஒரு படி பின்னால் வர வேண்டும். பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு தொகை. லிண்டல் வந்தால் ஒரு தொகை. பிறகு தளம், பூச்சு. சாவி வாங்கும் நாள் வரை ஒரு தொகை கையில் நிற்க வேண்டும். பேஸ்மட்டத்துக்குள் பாதிப் பணம் போய்விட்டால், "வேறு சைட்டில் ரூப் சார், நாளைக்கு ஆள் வரும்" என்ற பேச்சு ஆரம்பமாகும்.

தளம் போடும் நாள் முக்கியமானது. கலவை சுலபமாக ஓடட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவார்கள். எம்-20 கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்ச வரம்பு என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மண்ணில் உள்ள ஈரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. குடம் குடமாக ஊற்றினால் தளம் வலுவிழக்கும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். இப்போது பெரிதும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். முட்டுகளைப் பிரிக்கும் நாளை என்ஜினீயர் சொல்லட்டும்; சென்ட்ரிங் பலகைக்கு அவசரப்படுபவர் சொல்லக் கூடாது.

இவ்வளவும் பார்த்து, அதற்குப் பிறகும் ஏமாந்தால்? வீடு கட்டிக் கொடுப்பதும் ஒரு சேவைதான் என்று 1993ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டும் அதே ஆண்டில் அப்படியே சொன்னது. இப்போது நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொதுவாக, குறை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் பணம் கொடுத்த ரசீதுகளையும்தான்.