உங்களுக்குத் தெரியுமா? பினாங்கின் 'பாக்கு'ப் பதிப்பாளர்!

மலாய் மொழியில் 'பினாங்' என்றால் என்ன தெரியுமா? பாக்கு! நம் வெற்றிலைத் தட்டில் இருக்கிறதே, அதே பாக்குதான். 'பூலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு! அந்தத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு பெண் பதிப்பகம் தொடங்கினார். பெயர் 'அரேக்கா புக்ஸ்'. அரேக்கா என்றாலும் பாக்குதான்!

அந்தப் பெண், கூ சல்மா நசுத்தியோன். எழுதுவதும் அவரே, அச்சுக்கு அனுப்புவதும் அவரே!

பெயரைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். 'கூ' சீனப் பெயர். 'சல்மா' இஸ்லாமியப் பெயர். 'நசுத்தியோன்' சுமத்ராவின் மண்டைலிங் மக்களுடைய குலப் பெயர். ஒரே பெயருக்குள் மூன்று!

ஆனால் இவருடைய தொடக்க காலத்துப் புத்தகம் ஒன்று இந்தப் பெயரில் வெளிவரவில்லை! ஜார்ஜ்டவுன் தெருக்களைப் பற்றி 1993-ல் இவர் எழுதிய நூலின் அட்டையில் இருந்த பெயர் கூ சூ நின். தெருத் தெருவாக ஊரின் கதையைச் சொன்ன அந்த நூல் பல பதிப்புகள் கண்டுவிட்டது!

இப்போது நம்ம விஷயத்துக்கு வாருங்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களைப் பற்றிய பெரும் வரலாற்று நூலை எழுதியவர் யார்? இவரேதான்! தலைப்பு 'தி சூலியா இன் பினாங்'. 'சூலியா' என்பது அந்தத் தமிழ் முஸ்லிம்களின் பழைய பெயர்! 2014-ல் தன் சொந்தப் பதிப்பகத்திலேயே கொண்டுவந்தார். நூல் தொடங்கும் ஆண்டு 1786, முடியும் ஆண்டு 1957. மொத்தம் 171 ஆண்டுகள்!

அடுத்த ஆண்டே பரிசு! 2015-ல், உலகெங்கும் உள்ள ஆசிய ஆய்வாளர்கள் கூடும் 'ஐகாஸ்' மாநாட்டின் புத்தக விருது இந்த நூலைத் தேடி வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நம் மரக்காயர்களின் கதைக்குக் கிடைத்த விருது. நமக்கே பெருமைதானே!

அந்த நூலின் நடுநாயகம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குக் கொடுத்த நிலம் எவ்வளவு தெரியுமா? 18 ஏக்கர்! ஜார்ஜ்டவுனின் நட்டநடுவில்! பள்ளிவாசலைக் கட்டுவதற்கு முன்னின்றவர் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொஹிதீன். 'கப்பித்தான் கிளிங்' என்பது அவருடைய பட்டப் பெயர்தான்!

பக்கத்திலேயே ஓடும் சூலியா தெருவின் பழைய பெயர் மலபார் தெரு. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் 'மலபார்' என்றுதான் அழைத்தார்கள்!

தமிழ் முஸ்லிம்களோடு நின்றாரா? இல்லவே இல்லை! பினாங்கில் வாழ்ந்த ஜெர்மானியர்களைப் பற்றி 2006-ல் ஒரு நூல். பேராக்கின் ஈயச் சுரங்க நாடான கிந்தா பள்ளத்தாக்கைப் பற்றி, அப்துர்ரசாக் லூபிஸுடன் சேர்ந்து 2005-ல் ஒரு நூல். சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் பினாங்கில் இருந்த காலத்தைப் பற்றி 2008-ல் இன்னொன்று!

எழுதியதோடு முடியவில்லை. பழைய கட்டடங்களை இடிக்க விடாமல் போராடும் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தவர். அப்படிப் பலர் சேர்ந்து காத்த ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது!

கடைசியாக, ஆர்மேனியன் தெரு 120-ஆம் எண் வீடு. 1926-ல் அதை வாங்கியவர் இவருடைய தாத்தா. அதற்குப் 16 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கூட்டம் போட்டவர் யார் தெரியுமா? சன் யாட் சென்! 1910 நவம்பரில் அவர் பேசி முடித்ததும் அந்த இடத்திலேயே திரண்ட பணம் 8,000 வெள்ளி. சீனாவின் மன்னராட்சியைக் கவிழ்க்க, பினாங்கில் வசூல்!

2002-ல் சீனத் துணை அதிபராக இருந்த ஹூ ஜின்டாவ் அந்த வீட்டைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்று அது அருங்காட்சியகம். பொறுப்பாளர்? நம் சல்மாதான்!

அதே வீட்டில்தான் 1910 டிசம்பர் 20-ஆம் தேதி 'குவோங் வா யிட் போ' என்ற சீன நாளிதழ் பிறந்தது. பதிப்பாளர் காத்து நிற்கும் வீடே ஒரு பத்திரிகையின் பிறந்த வீடு! அந்த நாளிதழ் என்ன ஆனது என்கிறீர்களா? 100 வயதைத் தாண்டி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது!