ஜன்னலுக்கு மேலே இருக்கும் சுவரைத் தாங்குவது எது?



போன மழைக்குப் பிறகு ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்ததும், உறுப்பினர் ஒருவர் தன் புது வீட்டைக் காட்டக் கூட்டிப் போனார். அரசுப் பணம் போதாமல் குழுவில் ரூ.40,000 கடன் வாங்கிக் கட்டிய வீடு. குடிபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். "பூச்சு வெடிப்புதான் மேடம், வெள்ளையடிச்சா மறைஞ்சிடும்னு கொத்தனார் சொல்றாரு" என்றார். பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தோம். உள்ளே செங்கல்லும் சேர்ந்தே பிளந்திருந்தது. லிண்டல் ஒரு பக்கம் இரண்டு அங்குலம்தான் சுவரில் உட்கார்ந்திருந்தது.

ஜன்னல் வைப்பது என்றால் சுவரில் ஓட்டை விடுவது. அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும் செங்கல், கூரை எல்லாவற்றின் பாரமும் எங்கே போகும்? மரச்சட்டம் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்காது. சட்டம் கதவையும் கம்பியையும் பிடித்துக்கொள்ள மட்டும்தான். மேல்பாரத்தை வாங்கி இரண்டு பக்கச் சுவரிலும் இறக்குவது லிண்டல் என்கிற காங்கிரீட் கட்டைதான்.

இரண்டு பேர் ஒரு கம்பில் பாரத்தைக் கட்டித் தோளில் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். கம்பின் முனை தோள் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? லிண்டலும் அப்படித்தான். ஜன்னலின் இரண்டு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் சுவர்மேல் உட்கார வேண்டும், 9 அங்குலம் இருந்தால் இன்னும் நல்லது. 4 அடி ஜன்னலுக்கு 5 அடி லிண்டலாவது வேண்டும். சென்ட்ரிங் அடித்தவுடன் நாமே டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். ஜன்னலை வீட்டு மூலையிலிருந்து 2 அடியாவது தள்ளி வையுங்கள். மூலையை ஒட்டி வைத்தால், பாரம் இறங்க அந்தப் பக்கம் சுவரே இருக்காது.

அடுத்தது கம்பி. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு பச்சைக் குச்சியை எடுத்துச் செய்து பார்ப்பது சுலபம். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடுவில் அழுத்தினால் குச்சியின் அடிப்பக்கம்தான் முதலில் பிளக்கும். அதனால் லிண்டலில் கனமான கம்பி அடியில் வர வேண்டும். இப்போது குச்சியின் ஒரு முனையை மட்டும் கெட்டியாகப் பிடித்து, மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். பிளப்பது மேல்பக்கம். சன்ஷேடு அப்படித்தான் ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு தொங்குகிறது. ஆகவே சன்ஷேடில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், அது லிண்டலுக்குள்ளேயும் போய் மடிந்திருக்க வேண்டும்.

நம்மில் பாதிப்பேர் சித்தாள் வேலைக்குப் போனவர்கள்தான். காங்கிரீட் போடும்போது அந்தக் கம்பிமேலேயே ஏறி நடப்பதை எத்தனை தடவை பார்த்திருப்போம், நாமே நடந்திருப்போம்! மிதித்த கம்பி அடியில் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. என்றைக்காவது ஒருநாள் சன்ஷேடு ஒடிந்து விழும்போதுதான் தெரியும். கம்பியின் கனத்தை ஒன்றியப் பொறியாளரிடமோ ஓவர்சியரிடமோ கேட்டு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே கீழே சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம் கண்ணே போதும்.

அரசு வீட்டில் இன்னொரு சிக்கல். பணம் கட்டம் கட்டமாக வருகிறது. லிண்டல் மட்டம் வந்தால் அடுத்த பில்லு கிடைக்கும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் சன்ஷேடு முட்டை மூன்றாம் நாளே பிரித்துவிடுகிறார்கள். 14 நாள் விடச் சொல்லுங்கள். அதுவரை சாக்கு போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். சன்ஷேடு கவிழாமல் பிடித்துக்கொள்வது லிண்டலுக்கு மேலே வரும் சுவரின் பாரம்தான், அதனால் மேல்சுவர் எழும்பும் வரை முட்டு இருப்பது பாதுகாப்பு.

கையில் காசு இல்லாமல் சட்டம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஓட்டை மட்டும் விடுகிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் லிண்டலைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டம் வைக்கும்போது இரண்டு மூலைக்குக் குறுக்காகக் கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. ஜன்னலின் அடித்திண்டு வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகவும், சன்ஷேடு விளிம்பின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு காடியும் இருந்தால் மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். இதற்குத் தனிச் செலவு கிடையாது, பூசும்போதே சொல்ல வேண்டும்.

செலவுக்குப் பயந்து ஜன்னலே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ஈரக்காற்றும் வெப்பமும் உள்ள பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. 10க்கு 12 அறைக்கு 20 சதுர அடி வரும். 4க்கு 3 அளவில் இரண்டு ஜன்னல் எதிரெதிரே வைத்தால் காற்றும் ஓடும், அடுப்புப் புகையும் போகும்.

நான் சொன்ன சகோதரியின் வீட்டில் கூரைக்கு முட்டுக் கொடுத்து, சுவரைக் கொஞ்சம் இடித்து, லிண்டலை மாற்றிப் போட்டார்கள். அதற்கு இன்னொரு கடன். இப்போது அந்தக் குழுவில் யார் வீட்டில் லிண்டல் போட்டாலும், காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் இரண்டு உறுப்பினர்கள் டேப்போடு போய்ப் பார்க்கிறார்கள். கொத்தனார்கள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது அவர்களே நாள் சொல்லி அனுப்புகிறார்கள். டேப் இல்லாத குழுக்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகலாம்.