ஹெட்செட்டுக்கு 12,000 ரூபாய் சவுண்ட் கார்டு: இ.எம்.ஐ போடறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் ஒதுக்குங்க

போன மாசம் எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் சாப்பாட்டு நேரத்துல போனை நீட்டி, "சார், இதை வாங்கலாமா?"ன்னு கேட்டார். லேப்டாப்புக்கு வெளியில மாட்டுற கேமிங் சவுண்ட் கார்டு. விலை 12,000 ரூபாய், ஆறு மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. அவர் கையில வாங்குற சம்பளம் 28,000. பைக் இ.எம்.ஐ ஏற்கனவே ஓடுது. அவர்கிட்ட இருக்கிற ஹெட்செட்டோட விலையே 3,500 தான்.

"எதுக்குப்பா இது?"ன்னு கேட்டேன். "வாலரன்ட் ஆடும்போது எதிரி எந்தப் பக்கம் இருந்து வர்றான்னே தெரியல சார். கூடவே கொர்ர்னு ஒரு இரைச்சல். ஆபீஸ் மீட்டிங்லயும் அதே இரைச்சல்"ன்னார்.

கவனிச்சீங்களா, இதுல இருக்கிறது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒரே பெட்டி ரெண்டையும் சரி பண்ணிடும்னு அவர் நம்பிட்டார்.

சவுண்ட் கார்டோட வேலை ரொம்ப எளிமை. கம்ப்யூட்டர்ல எண்களா இருக்கிற ஒலியை மின் அலையா மாத்தும், அப்புறம் ஹெட்செட்டுக்குத் தேவையான அளவு பலம் கொடுக்கும். இந்த வேலையைச் செய்ய உங்க லேப்டாப்புக்குள்ள ஏற்கனவே ஒரு சிப் இருக்கு. ஆனா பிராசசர், கிராபிக்ஸ் சிப் எல்லாம் இருக்கிற அதே போர்டுலதான் அதுவும் இருக்கு. அதனால சில மாடல்ல மவுஸை நகர்த்தினாலோ கேம் லோட் ஆனாலோ இரைச்சல் காதுல கேட்கும். இந்த வேலையை யூ.எஸ்.பி வழியா வெளியில கொண்டு வந்துட்டா அந்த இரைச்சல் பெரும்பாலும் போயிடும். வெளி சவுண்ட் கார்டோட உண்மையான முதல் லாபம் இதுதான்.

இன்னும் சில லாபமும் இருக்கு. லேப்டாப் ஜாக் உடைஞ்சு, வாரண்டியும் முடிஞ்சிருந்தா, சர்வீஸ் சென்டர்ல போர்டு மாத்துறதை விட யூ.எஸ்.பியில ஒண்ணு மாட்டிக்கிறது எவ்வளவோ மலிவு. சில கார்டுல கேம் சத்தத்தையும் நண்பர்கள் பேச்சையும் தனித்தனியா கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். நம்ம குரல் நமக்கே கேட்கிற வசதியும் சிலதுல உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு வீட்டையே எழுப்பாம மெதுவா பேச அது உண்மையிலேயே உதவும்.

ஆனா 'அதிக பவர்'ங்கிற விளம்பரத்துக்கு மயங்காதீங்க. 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போன் வச்சிருந்தா அந்த பவர் தேவைதான். கேமிங் ஹெட்செட் பெரும்பாலும் 32-லிருந்து 64 ஓமுக்குள்ளதான் இருக்கும். அதுக்கு சாதாரண ஜாக்கே போதும். 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்னு பெட்டி மேல பெருசா போட்டிருப்பாங்க. மனுஷக் காது கேட்கிறதே ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதை சி.டியோட 44.1 கிலோஹெர்ட்ஸே அடக்கிடும். கேட்காத எண்ணுக்குக் காசு கொடுக்காதீங்க.

எப்போ சுத்தமா வேஸ்ட்?

உங்க ஹெட்செட் யூ.எஸ்.பி வயரோ வயர்லெஸ்ஸோ ஆனா, சவுண்ட் கார்டு அதுக்குள்ளயே இருக்கு. புதுசா வாங்குற பெட்டி வழியா ஒலி போகவே போகாது. இது எனக்கு எப்படித் தெரியும்னா, 2020-ல வீட்டிலிருந்து வேலை பார்த்தப்போ அவசரத்துல ஒண்ணு வாங்கிட்டு, பெட்டியைப் பிரிச்ச பிறகுதான் என் ஹெட்செட்ல 3.5 மி.மீ பின்னே இல்லைன்னு பார்த்தேன். ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான், ரீஃபண்ட் கிடையாதுன்னுட்டாங்க. கணக்கு பார்க்கிறவன் பண்ற வேலையா இது!

ஆபீஸ் லேப்டாப்ல மாட்டப் போறீங்கன்னா இன்னொரு விஷயம். ஒலி வர்றதுக்கு பொதுவா தனி மென்பொருள் வேண்டாம். ஆனா ஈக்வலைசர் மாதிரி வசதிக்கு அந்த கம்பெனியோட மென்பொருளை இன்ஸ்டால் பண்ணணும். அதுக்கு ஐ.டி டீம் அனுமதி கொடுக்கலைன்னா பாதிக் காசு வீண்.

சத்தம் கூடுறதும் நல்லதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற பாதுகாப்பான அளவு, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். காலடிச் சத்தத்துக்காக வால்யூமை ஏத்திக்கிட்டே போனா, போன செவித்திறன் திரும்ப வராது.

தம்பியோட 10 நிமிஷ டெஸ்ட்

முதல்ல ஹெட்செட்டைப் போன்ல மாட்டச் சொன்னேன். இரைச்சல் இல்லை. அப்போ ஹெட்செட் நல்லாதான் இருக்கு. அடுத்து லேப்டாப்ல மாட்டி, சார்ஜரைக் கழட்டிப் பார்த்தோம். கழட்டினதும் இரைச்சல் நின்னிருந்தா சந்தேகம் சார்ஜர், எர்த்திங் பக்கம் போயிருக்கும். அந்த மாதிரி இரைச்சல் சவுண்ட் கார்டு வாங்கினாலும் போகும்னு உறுதி கிடையாது. இங்க நிக்கல, மவுஸை அசைச்சா மாறுச்சு. குறை லேப்டாப் ஜாக்லதான்.

திசை தெரியாததுக்குக் காரணம் செட்டிங்ஸ். விண்டோஸ்ல 'விண்டோஸ் சோனிக்' ஆன்ல இருந்தது. வாலரன்ட்டுக்குள்ள ஹெச்.ஆர்.டி.எஃப்பும் ஆன். ரெண்டுமே இரண்டு காதுக்குத் திசையை உருவாக்குற கணக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா எல்லாம் கலங்கிடும். விண்டோஸ்ல இருந்ததை அணைச்சோம். செலவு பூஜ்யம். 7.1-னு போட்ட சவுண்ட் கார்டு வாங்கி அதையும் ஆன் பண்ணியிருந்தா மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கும்.

இரைச்சலுக்கு மைக்கோட வேலை செய்யுற சின்ன யூ.எஸ்.பி அடாப்டர் 600 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கும்போது மைக் வேலை செய்யுமான்னு கட்டாயம் பாருங்க, சிலதுல ஒலி மட்டும்தான் வரும். இரைச்சல் போயிடுச்சு.

அந்த 'நோ காஸ்ட்' கணக்கு

15% வட்டின்னு வச்சுக்கலாம். 12,000-க்கு ஆறு மாசம் 2,000 வீதம் கட்டுறதுல சுமார் 508 ரூபாய் வட்டி. அதைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி 91 ரூபாய் உங்க தலையில. பிராசசிங் கட்டணம் 199-ன்னா, ஜி.எஸ்.டியோட 235. ஆக 326 ரூபாய் கூடுதல். தொகை சின்னதுதான். ஆனா பைக் இ.எம்.ஐக்கு மேல மாசம் இன்னொரு 2,000 போறதுதான் 28,000 சம்பளத்துல வலிக்கும்.

அதுக்கு மேலயும் செலவு பண்ணியே ஆகணும்னா, முதல்ல நல்ல ஹெட்செட்டுக்குப் போங்க. காதுக்குக் கேட்கிற வித்தியாசம் பெரும்பாலும் அங்கதான்.

"டாக்ஸ்ல காட்டலாமா சார்?"னு தம்பி கடைசியா கேட்டார். சம்பளத்துல முடியாது. புது முறையில 75,000, பழைய முறையில 50,000 நிலைக் கழிவு, அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங்ல வருமானம் வந்து, அதை பிசினஸ் வருமானமா கணக்கு எழுதிக் காட்டுறவங்க, தொழிலுக்குப் பயன்படுத்துற அளவுக்குத் தேய்மானம் கேட்கலாம். அப்படின்னா பில்லை உங்க பேர்ல வாங்கி வச்சுக்கோங்க.