தீவகத் தெருவில் ஹைபிரிட் வண்டியின் ஓசைகள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. மோட்டார் வண்டியின் பழுதுக்கும் அது பொருந்தும். பெரும் பழுது நேருமுன் சிறு ஓசையொன்று முன்னறிவிப்பாக எழுவதுண்டு. ஆனால் பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் வண்டியில் மணியோசை எது, வெற்றோசை எது என்று பிரித்தறிவது பலருக்கும் எளிதாயில்லை. பழைய வண்டிகளோடு பழகிய செவிக்கு, நலமான ஹைபிரிட்டின் இயல்பொலியே நோயாகத் தோன்றுகிறது. உண்மையான நோயின் ஒலியோ பல வேளைகளில் கவனிக்கப்படாமற் போகிறது.

இதனை இன்று ஆராய்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆதலின் நம் தெருக்களில் ஓடும் ஹொண்டா வெசல் போன்ற ஹைபிரிட் ஜீப்புகளிற் பல, பத்தாண்டை நெருங்கியவை அல்லது கடந்தவை. அவற்றின் பெரிய பற்றரியை மாற்றுவதென்றால் பல இலட்சம் ரூபா வேண்டும். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வாசிகளுக்கோ உப்புக்காற்று என்னும் மற்றொரு பகையும் உண்டு.

ஹைபிரிட் வண்டியை இரட்டை மாட்டு வண்டிக்கு ஒப்பிடலாம். எஞ்சின் ஒரு மாடு, மின்மோட்டார் மற்றது. சில வேளை ஒன்று மட்டும் இழுக்கும். சில வேளை இரண்டும் சேர்ந்து இழுக்கும். பிறேக்கை மிதிக்கும்போது மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் ஓட்டத்தையே மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். இக்கருத்துப் புதிதன்று. எஞ்சினால் மின்சாரம் பிறப்பித்துச் சக்கரங்களைச் சுழற்றும் வண்டியொன்றைப் பேர்டினண்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டிலேயே அமைத்தார். டொயோட்டாவின் பிரியஸ் 1997 டிசெம்பரிலும், வெசல் 2013 டிசெம்பரிலும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்று, சூரிய ஒளி, பற்றரி, டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்குவதற்கு 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கையும் இத்தகைய கலப்பு முறையைத் தழுவியதே.

அஞ்ச வேண்டாத ஓசைகள்

வண்டியை இயக்கியவுடன் ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கும். பெரிய பற்றரியை மோட்டாரோடு இணைக்கும் ஆளிகள் மூடும் ஒலி அது. வேகத்தைக் குறைக்கையில் மெல்லிய கீச்சொலி எழுவது, மோட்டார் மின்சாரம் பிறப்பிப்பதன் அடையாளம். சில வண்டிகளிற் கதவைத் திறந்ததும் சில விநாடிகள் ஒரு பம்பி முனகும். அது பிறேக்குக்கு அழுத்தம் ஏற்றுகிறது. பின்னிருக்கைப் பக்கம் விசிறி சுழல்வது பற்றரியைக் குளிர்விப்பதற்காகும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் எஞ்சின் தானே இயங்கத் தொடங்கினால், பற்றரியிற் சேமிப்புக் குறைந்திருக்கலாம்.

அசட்டை செய்யத் தகாதவை

மேற்கூறிய ஓசைகளே அளவு மீறும்போது எச்சரிக்கையாகின்றன. பிறேக்கை மிதியாதிருந்தும் பம்பி சில விநாடிகளுக்கு ஒருமுறை முனகுமாயின், பிறேக் அமைப்பு அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று ஐயுறவேண்டும். வண்டியை உடனே காட்டுவது உயிருக்குக் காவல். பின்விசிறி எந்நேரமும் உரத்து இரைந்தால், அதன் காற்று வாயிலிற் புழுதி அடைத்திருக்கலாம். கோயிலுக்குச் செல்கையில் மூட்டை முடிச்சுகளை அவ்வாயிலின்மேல் அடுக்குவோர் பலர். காற்றில்லாப் பற்றரி வெப்பமேறி விரைவில் நலிந்துவிடும்.

காலையில் எஞ்சின் முதன்முறை இயங்கும்போது வண்டி குலுங்கி, கூலன்ற் நீரும் நாளடைவிற் குறைந்து வந்தால், அந்நீர் எஞ்சினுள்ளே கசியக்கூடும். வேகத்தோடு கூடிவரும் ‘ஊ’ என்ற இரைச்சல், ஸ்ரியரிங்கைச் சற்றே இடமும் வலமும் திருப்புகையில் மாறுமாயின், சக்கரத்தின் பெயாரிங்கைச் சோதிக்க வேண்டும். மெதுவாக ஊர்கையில் வெசல் உதறுமாயின், கிளச்சையும் கியர்ப்பெட்டியின் மென்பொருளையும் பார்ப்பிப்பது நன்று. 2014 பெப்ரவரியில் ஹொண்டா நிறுவனமே வெசல், பிற் ஹைபிரிட் வண்டிகளை ஜப்பானில் மீளழைத்து அம்மென்பொருளைத் திருத்தியது.

உப்பின் வேலை

ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பங்கள் வண்டியைக் குறிகட்டுவான் துறையில் விட்டுவிட்டுப் படகேறுகின்றன. சோளகக் காற்று வீசும் காலம் அது. மாலையில் திரும்பிப் புறப்படும்போது பிறேக் ‘கரகர’ என்று உராயும். ஹைபிரிட்டில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பிறேக் தட்டுகளுக்கு வேலை குறைவு. தேயாத தட்டில் துரு எளிதிற் படியும். சில முறை மிதித்ததும் ஒலி மறைந்தால் கவலை இல்லை. மறையாவிடின், பிறேக் பாட் தேய்ந்தோ இறுகியோ இருக்கலாம்.

உப்பைக் கழுவ நன்னீர் வேண்டும். தீவகக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீராதலின், அதனாற் கழுவுவது உப்பின்மேல் உப்பைப் பூசுவதாகும். யாழ்ப்பாணம் சென்ற வேளையில் வண்டியின் அடிப்பாகத்தையும் சேர்த்து நன்னீரால் கழுவுவித்தல் சிறந்தது.

வெளிநாட்டில் வாழ்வோர் ஊரில் விட்டுச் செல்லும் வண்டிகளுக்கு வேறொரு குறை நேர்கிறது. பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ற் பற்றரி இறங்கிவிட்டால் வண்டி விழிக்காது. இதனைக் கண்டு பெரிய பற்றரியே போயிற்று என்று பதறிச் செலவு செய்யலாகாது. முதலிற் சிறியதைச் சோதிக்க.

மௌனமும் ஆபத்தே

ஓசையைவிட மௌனம் கொடிது. எஞ்சின் ஓய்ந்திருந்தாலும் ‘றெடி’ என்னும் விளக்கு எரிந்தால் வண்டி ஓடத் தயாராயிருக்கிறது. உள்ளே விளையாடும் பிள்ளை மிதியை அழுத்தினால் அது புறப்பட்டுவிடக் கூடும். அடைத்த கராஜில் அவ்வாறே விட்டால், எஞ்சின் தானே இயங்கி நச்சுப்புகை வீட்டினுள் பரவும். இறங்குமுன் அவ்விளக்கு அணைந்ததை உறுதி செய்க.

தோடம்பழ நிற உறையிட்ட வயர்களை எவரும் தொடவோ வெட்டவோ கூடாது. அவற்றில் ஓடும் மின்னழுத்தம் நூறு வோல்ற்றைக் கடந்தது. சில வண்டிகளில் 600 வோல்ற்றையும் எட்டும். பயிற்சி பெற்ற மெக்கானிக் அன்றி மற்றவர் கைவைத்தால் உயிராபத்து நேரும்.

கடல்நீரில் மூழ்கிய வண்டியை ஒருபோதும் இயக்கலாகாது. 2012 ஒக்ரோபரில் சான்டி சூறாவளி அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியபோது, நியூவார்க் துறைமுகத்திற் கடல்நீரில் மூழ்கிய 16 பிஸ்கர் கர்மா ஹைபிரிட் கார்கள் எரிந்துபோயின. 12 வோல்ற் மின்சாரத்தில் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் உப்பு அரித்தமையே காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மாரியிற் கடல் தெருவில் ஏறும் எமது தீவகத்தார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அத்தகைய வண்டியை வீட்டுக்கு அப்பால் வெளியிடத்தில் நிறுத்தி, வல்லுநரை அழைப்பதே முறை.

புதிய ஓசை எழுந்தால் மூன்று வினாக்களை எழுப்புக: அஃது எப்போது எழுகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? நாளுக்கு நாள் வளர்கிறதா? விடைகளைத் திகதியோடு ஒரு கொப்பியிற் குறித்து, இயலுமாயின் ஓசையைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, கராஜுக்கு எடுத்துச் செல்க. கராஜை அடைந்ததும் மறைந்துவிடும் ஓசைகள் பல. குறிப்பும் பதிவும் கையிலிருந்தால், மெக்கானிக் ஊகத்தின்பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்ற வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவர்களும் ஊக்கத்தோடு செய்வர்.